மாப்பிள்ளை அழைப்புக்குப் போன என்ஜின்

கார் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பிரான்சுக்குக் குடிபோன ஒரு பட்டாளத்துப் பென்ஷன்காரர் விற்றுவிட்டுப் போன பழைய அம்பாசடர். என் சம்பளத்தில் வாங்கினேன், என் பெயரில் பதிவு செய்தேன், ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்ததும் நான்தான். எழுபதுகள் முடிகிற சமயம் அது. புதுச்சேரியில் பெண்கள் கார் ஓட்டாமல் இல்லை. அவர்களெல்லாம் கடற்கரைப் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்கள். உப்பளத்தில், மில் தொழிலாளி வீட்டில் பிறந்த கல்யாணமாகாத ஒரு நர்சு ஸ்டியரிங்கைப் பிடித்தால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். பார்த்துத் தொலையட்டும் என்று ஹாரனை அழுத்திக்கொண்டு போவேன்.

ஆசைக்காக வாங்கிய கார் இல்லை. எனக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. வாரத்தில் ஒரு நாள் மீனவர் குப்பங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். குருசுக்குப்பம் ஊரோடு ஒட்டியது, கவலையில்லை. கனகசெட்டிக்குளம் வடக்கே எல்லையில், செக்போஸ்ட் பக்கத்தில் இருந்தது. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. டாக்சிக்காரர்களோ வலி எடுத்த பெண்ணை ஏற்றவே மாட்டார்கள். பனிக்குடம் உடைந்து சீட் நனைந்தால் தீட்டாம், அப்புறம் அந்த வண்டியில் நல்ல காரியத்துக்கு யாரும் ஏற மாட்டார்களாம். இவர்களெல்லாம் வானத்திலிருந்து குதித்தவர்கள் பாருங்கள். கேட்டுக் கேட்டு வயிறு எரிந்துதான் நானே ஒரு வண்டி வாங்கினேன். எத்தனையோ பேரை அதில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகள் பின் சீட்டிலேயே பிறந்திருக்கின்றன. துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன், வண்டிக்கு ஒரு கேடும் வரவில்லை.

கேடு என்ஜினுக்குத்தான் வந்தது. அதுவும் வயசால். காலையில் கிளப்பினால் தெரு முழுக்க நீலப் புகை. பெட்ரோல் போடும்போதெல்லாம் கூடவே ஆயிலும் ஊற்ற வேண்டியிருந்தது. நாலு பேர் ஏறினால் மேட்டில் மூச்சு வாங்கியது. முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் நின்றுவிட்டால் தள்ளலாம் என்று கூடவே அண்ணனும் வந்தார். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் வேலை பார்த்தவர். மில்லில் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா, அம்மா போன பிறகு நான் அண்ணன், அண்ணியோடு ஒரே வீட்டில்தான் இருந்தேன். நல்ல மனுஷர். குடி கிடையாது, வம்பு தும்பு கிடையாது. ஆனால் யார் என்ன கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. தன் பொருளைத் தூக்கிக் கொடுத்தால் கொடை. என் பொருளைத் தூக்கிக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

ஷெட்டுக்காரர் இளம் வயதில் சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். ஆண்கள் எல்லோரையும் பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதுபோல "முசியே" என்றுதான் கூப்பிடுவார். பானெட்டைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, மோந்து பார்த்து, கடைசியில் அண்ணனிடம் திரும்பினார்.

"முசியே, ரெண்டு வழிதான் இருக்குது. ஒண்ணு, இதையே பிரிச்சு சிலிண்டரைத் துளைச்சு, பெரிய சைசு பிஸ்டன், ரிங்கு எல்லாம் புதுசாப் போடலாம். இல்லன்னா, தூக்கிக் கடாசிட்டு வேற என்ஜின் வெச்சுடலாம். மெட்ராஸ்ல உடைச்ச வண்டியிலிருந்து கெடைக்கும். இன்னா சொல்றீங்க?"

"வண்டி என்னுது. என்கிட்டக் கேளுங்க" என்றேன்.

ஷெட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதெல்லாம் சரிதாம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி அண்ணனிடமே திரும்பி, "டீசல் என்ஜினாவே வெச்சுட்டா டாக்சிக்கு ஓட்டலாம் முசியே" என்றார். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. நான் அங்கேயே, கையில் கார் சாவியோடு, கிரீஸ் தரையில் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அன்றைக்கு ஆரம்பித்தது. வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தால் என்ஜின், எழுந்தால் என்ஜின். அண்ணனுக்கு டீசல் வேண்டும். ஸ்டாண்டில் போட்டால் தனக்கும் ஒரு தொழிலாச்சு என்றார். அதில் தப்பில்லை, வேலை போன மனுஷர். ஆனால் ஸ்டாண்டில் நிற்கிற வண்டி குப்பத்துக்கு எப்படி வரும்? ஒரு பெண்ணுக்கு வலி எடுக்கிற நேரத்தில் அது செஞ்சிக்கு சவாரி போயிருக்கும். அண்ணிக்கு என்ஜினைப் பற்றிக் கவலையில்லை, வண்டியை விற்றுவிட்டு எனக்கு ஒரு கல்யாணம் பண்ணிவைக்கலாம் என்றார். எதிர்வீட்டு வாத்தியார் ஒருவர், சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாதவர், தினமும் சாயங்காலம் வந்து வேறு என்ஜின் வைப்பதன் நன்மைகளை எடுத்துரைத்தார். ஐயோ ஐயோ என்று இருந்தது எனக்கு.

நான் யோசித்தது ஒன்றுதான். வேறு வண்டியிலிருந்து வருகிற என்ஜின் எங்கே அடிபட்டதோ, எவன் கையில் சீரழிந்ததோ, யாருக்குத் தெரியும்? இந்த என்ஜினை எனக்குத் தெரியும். எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். தேய்ந்திருக்கிறதே தவிரத் துரோகம் பண்ணியதில்லை. மறுநாள் தனியாக ஷெட்டுக்குப் போய், "இதையே பிரிங்க" என்றேன். "முசியே கிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தார். "முசியே சம்பளத்துல ஓடலை இந்த வண்டி" என்று சொன்ன பிறகுதான் ஸ்பானரை எடுத்தார்.

எனக்கு அவசரம் இருந்தது. கனகசெட்டிக்குளத்தில் ஒரு பெண். போன வருஷம் அவளுக்கு முதல் பிள்ளை பிறக்கும்போதே போய்விட்டது. இப்போது மறுபடி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தால் குழந்தையின் தலை மேலே இருந்தது, கால் கீழே. வீட்டில் பார்த்துக்கொள்கிற பிரசவம் இல்லை அது. முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்லிக் கெஞ்சினேன், அதட்டினேன். "வலி வராமலே ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கறதா, ஊரு சிரிக்கும்" என்று மாமியார்க்காரி மறுத்துவிட்டாள். கடைசியில் புருஷன்தான் ஒரு வழி சொன்னான். மீன்பிடிக்கிறவன், நிமிர்ந்துகூடப் பேச மாட்டான். "வலி எடுத்த ஒடனே நான் வந்து சொல்றேன் நர்சம்மா. நீங்க கார் எடுத்துக்கினு வந்துடுவீங்கல்ல?" என்றான். வருவேன் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நம்பித்தான் அவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

நாள் நெருங்குவதற்குள் என்ஜின் தயாராகிவிட்டது. கிளப்பினால் தையல் மிஷின் மாதிரி ஓடியது. புகை என்ற பேச்சே இல்லை. சந்தோஷத்தில் ஷெட்டுக்காரருக்கு வேஷ்டி வாங்கிக் கொடுத்தேன் என்றால் பாருங்கள். அவர் வழக்கம்போல அண்ணனைப் பார்த்தே சொன்னார்: "முசியே, புது பிஸ்டன். கொஞ்ச நாளைக்கு நாப்பதுக்கு மேல விரட்டக் கூடாது. பாரம் ஏத்தக் கூடாது. சூடாக உடக் கூடாது. பக்குவமா ஓட்டுனா அதுவே பழகிடும்." அண்ணன் பெரிய மேஸ்திரி போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் அண்ணியின் தம்பிக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் ஊரில் அது எப்படி நடக்கும் என்று தெரியாதவர்கள் இருந்தால் சொல்கிறேன். கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்து ஊர்வலம் விடுவார்கள். முன்னால் நாதஸ்வரம், தவில். இரண்டு பக்கமும் தலையில் காஸ் லைட் சுமந்துகொண்டு ஆட்கள். நடுவில் கார். நடந்து போனால் சுருட்டு ஒன்று அணைவதற்குள் போய்ச் சேருகிற தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு முக்கிலும் நின்று மேளக்காரர் ஒரு உருப்படி வாசிப்பார், கார் பின்னாலேயே உறுமிக்கொண்டு நிற்கும். உறவுக்காரப் பிள்ளைகள் எல்லாம் மாப்பிள்ளையைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல ஏறிக்கொள்ளும். பானெட் மேலே ஒன்று, டிக்கி மேலே இரண்டு. ஒரு காரைக் கொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போட்டால்கூட இதைவிட நல்ல வழி கிடைக்காது. காற்றே படாமல் ஃபர்ஸ்ட் கியரில் மணிக்கணக்காக ஊர்ந்தால், நல்ல என்ஜினே கொதித்துவிடும். நேற்று பிஸ்டன் மாட்டிய என்ஜினுக்கு எப்படி இருக்கும்?

அண்ணனும் அண்ணியும் அதற்குக் காரைக் கேட்டபோதே நான் முடியாது என்றுவிட்டேன். "பிரசவத்துக்குப் போற வண்டி, தீட்டுன்னு சொல்வீங்களே" என்றேன் அண்ணியிடம். "அதுக்கென்ன, மஞ்சத் தண்ணி தெளிச்சுக்கலாம்" என்றார் அண்ணி. பாருங்கள் நியாயத்தை. பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் தீட்டு, மாப்பிள்ளை ஏற வேண்டுமென்றால் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரில் எல்லாம் போய்விடும். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து போனேன். சாவி எப்போதும்போல சமையலறை ஆணியில் தொங்கியது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். வார்டு வாசலில் அந்த மீனவன் நிற்கிறான். சைக்கிள் மிதித்தே வந்திருக்கிறான், சட்டையெல்லாம் வேர்வை. "வலி எடுத்துடுச்சு நர்சம்மா. மதியத்துலேர்ந்தே. அம்மா சொல்ல உடல." ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறொரு கேசுக்காக வில்லியனூர்ப் பக்கம் போயிருந்தது. பரவாயில்லை, நம் கார் இருக்கிறதே என்று ரிக்‌ஷா பிடித்து அவனையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

வாசலில் கார் இல்லை. கார் நின்ற இடத்தில் மண்ணெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

ஆணியைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. எனக்கு உடம்பு முழுக்கப் பற்றிக்கொண்டு வந்தது. மேளச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் ரிக்‌ஷாவை விடச் சொன்னேன். இரண்டு தெரு தள்ளி ஊர்வலம். காஸ் லைட் வெளிச்சத்தில் என் கார், பூச்சரம் சுற்றி, பானெட் இடுக்கெல்லாம் ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது. என்ஜின் ஜாம், கியரும் மாட்டிக்கொண்டது. பின்னால் பத்துப் பேர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுகிறார்கள், அது அசைய மாட்டேன் என்கிறது. உள்ளே மாப்பிள்ளை, கழுத்தில் மாலையோடு, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருக்கிறார். இறங்கினால் அபசகுனமாம்!

அண்ணன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "நான்தான் ஓட்டினேன். மெதுவாத்தான் ஓட்டினேன். ஷெட்டுக்காரரும் வெரட்டாதேன்னுதானே சொன்னாரு? ஊர்வலத்தைவிட மெதுவா எதும்மா போவும்? புது என்ஜின் பழகறதுக்கு இதவிட நல்லதுன்னு நெனச்சேன். ஒண்ணும் ஆயிடாதுன்னு..."

சத்தியமாக அப்படித்தான் நினைத்திருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ஒரே சவாரியில் மச்சானையும் திருப்திப்படுத்தி, என் என்ஜினையும் பழக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நான் நடுத்தெருவில், அத்தனை சம்பந்திகள் முன்னால், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ, "கல்யாண ஊர்வலத்துல இன்னா பேச்சு பேசுது பாரு இந்தப் பொம்பள" என்றார்கள். மீனவன் மட்டும் என் முந்தானையைத் தொடாத குறையாக, "நர்சம்மா, போலாம் நர்சம்மா" என்று கெஞ்சிக்கொண்டு நின்றான்.

டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடினோம். எங்கே, எதற்கு என்று கேட்டார்கள். சொன்னதும் ஒருவருக்கு டயர் பஞ்சர், இன்னொருவருக்கு பெட்ரோல் இல்லை, மூன்றாமவர் தலையைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் மரக்காணம் பக்கம் உப்பு ஏற்றப் போகிற காலி லாரி ஒன்றின் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அந்த டிரைவர் புண்ணியவான், எதற்கென்று கேட்கவே இல்லை. ஏறச் சொன்னார்.

நாங்கள் போனபோது குழந்தையின் உடம்பு வெளியே வந்து தலை உள்ளே மாட்டிக்கொண்டு வெகு நேரம் ஆகியிருந்தது. ஆண் குழந்தை. நான் எடுத்தேன், உயிர் இல்லை. தாயைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான் என் கையால் ஆயிற்று. அவள் என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் வீட்டில் கல்யாணக் களை. சம்பந்தி வீட்டார் உள்பட எல்லோருக்கும் ஒரே துக்கம்தான்: மாப்பிள்ளை கடைசியில் காரை விட்டு இறங்கி மண்டபம் வரை நடந்தே போனாராம். "எப்பேர்ப்பட்ட அவமானம்! மாப்பிள்ளை நடந்து போனாரு!" என்று அண்ணி அழுது தீர்த்தார். குழந்தை செத்துப்போனது என்று நான் சொன்னேன். யாரோ, "வீடு நெறைய நல்ல காரியம், இப்ப எதுக்கு இந்தப் பேச்சு" என்றார்கள்.

ஷெட்டில் என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். பிஸ்டன் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக் கிழித்திருந்தது, பிளாக்கும் விரிசல். இனித் துளைப்பதற்கு அதில் இடமில்லை. அப்போது அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "பாத்தியா, நான் அப்பவே டீசல் போடச் சொன்னேன். இத்தையே ரிப்பேர் பண்ணிக்கினு..." என்றார். நான் ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். பேசினால் கொலைதான் விழுந்திருக்கும். அதன் பிறகு அவரோடு பல மாதம் பேச்சு வார்த்தையே இல்லை.

காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலோரம் நிறுத்தினேன். என்ஜின் இல்லாத கார். அண்ணன் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து பாம் பாம் என்று விளையாடின. பானெட்டுக்குள் பூனை குட்டி போட்டது. வேறு என்ஜின் வைக்க எனக்கு மனசே வரவில்லை. எதற்கு வைக்க வேண்டும்? யார் யாரோ எடுத்துக்கொண்டு போய் ஊர்வலம் விடவா? துருப்பிடித்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு வெறுப்பு.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் அந்த மீனவன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பையில் மீன், எனக்காக. பெண்டாட்டி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்றான். சந்தோஷமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னான். நான் ஆஸ்பத்திரிக் கார்டு, மாத்திரை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். போகும்போது திரும்பி வந்து கேட்டான்:

"நர்சம்மா, ஒங்க வண்டி சரியாயிடுச்சா?"

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டவெல்லாம் அவனுக்குத் தெரியாது. வண்டி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஊர்வலத்தில் நின்றவன் அவன், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன். ஒரு வருஷம் கழித்து வந்து எங்கள் வீட்டுக்காரர்களைத் திட்டாமல், காரைப் பற்றி விசாரிக்கிறான். எனக்கு அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே லீவு போட்டேன். மெட்ராசுக்கு பஸ் ஏறி, ஷெட்டுக்காரரையும் கூட இழுத்துக்கொண்டு போய், உடைத்த வண்டிகளின் கடையில் வெயிலில் நின்று, அவர் காட்டிய ஒவ்வொரு என்ஜினையும் ஓடவிட்டுக் காட்டச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பெட்ரோல் என்ஜின்தான். "டீசல்னா முசியேவுக்கும்..." என்று ஆரம்பித்தார். "எந்த முசியே?" என்று கேட்டேன். என்ஜினைத் தூக்க ஆள் கூப்பிடப் போய்விட்டார். சாவியை அதற்குப் பிறகு ஆணியில் மாட்டியதே இல்லை. தூங்கும்போதும் என் இடுப்பில்தான் இருந்தது.

கனகசெட்டிக்குளத்துப் பெண்ணுக்கு இந்தத் தடவை குழந்தையின் தலை கீழே இறங்கி நல்லபடியாக இருந்தது. வீட்டிலேயே பிறந்திருக்கலாம். நான் விடவில்லை. வலி எடுத்த உடனே போய் ஏற்றிக்கொண்டு வந்தேன், மாமியார்க்காரியையும் சேர்த்து. பெண் குழந்தை. கத்திய கத்தலில் வார்டே எழுந்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில் அண்ணனின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அதற்குள் நானும் அண்ணனும் பேசத் தொடங்கியிருந்தோம், அவசியத்துக்கு மட்டும். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒரு நாள் மெல்ல வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் ஏற்பாடு பண்ணணும். வெளி வண்டி சரியா வராது. நம்ம வண்டி வீட்டுலயே இருக்குது... பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத. ஒண்ணும் ஆயிடாது."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால், ஒருவேளை, நான் கொடுத்திருப்பேன். என் கையில் வளர்ந்த பெண் அவள்.

"மாப்பிள்ளைக்குக் கால் நல்லா இருக்குதில்ல?" என்று கேட்டேன்.

"இருக்குது, ஏன்?" என்றார் அண்ணன்.

"நடந்து வரச் சொல்லு" என்றேன்.

மாப்பிள்ளை நடந்துதான் வந்தார். மேளம் முன்னால் போக, மாலையும் கழுத்துமாக, புது செருப்பு கடிக்கக் கடிக்க நடந்து வந்து மண்டபத்தில் ஏறினார். நான் வாசலில் நின்று ஆரத்தித் தட்டை வாங்கிக்கொண்டேன். ஒன்றும் ஆயிடவில்லை.